புது பேட்டரியும் மங்கும் ஹெட்லைட்டும்

கேள்வி: பழைய அம்பாசடர் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரகாசிக்கிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லையே?

பதில்: பேட்டரி வெறும் உண்டியல். காசு போடுகிறவரை விட்டுவிட்டு உண்டியலை மாற்றினால் கடைக்காரருக்குத்தான் லாபம்!

முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆரம்பகால அம்பாசடர்களில் அந்தக் காசு போடுகிறவர், அதாவது பேட்டரியை சார்ஜ் செய்வது, டைனமோ. ஐடிலிங்கில் அது பெரும்பாலும் சும்மாதான் சுற்றும். விளக்கு மங்குவது அதன் பிறவிக் குணம். பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படி மங்கினால் விசாரணை தேவை.

மல்டிமீட்டர் பொய் சொல்லாது. வண்டி அணைந்திருக்கையில் பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஏறவில்லையா? ஃபேன் பெல்ட் தளர்ச்சி, தேய்ந்த கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர்மீதுதான் முதல் சந்தேகம். பேட்டரித் தண்ணீர் குறையும், பல்புகள் அடிக்கடி உயிர்விடும்.

பேட்டரியில் 14 இருந்தும் ஹெட்லைட் முனையில் 12 மட்டுமே வந்தால், வழியில் திருட்டு! துருப்பிடித்த எர்த், கறுத்த சுவிட்ச், பச்சை பூத்த இணைப்பு. இண்டிகேட்டர் போட்டதும் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தால் எர்த்தே குற்றவாளி. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து விளக்கின் எர்த்துக்கு ஒரு தனி வயரைத் தொட்டுப் பார்த்தால் போதும். வெளிச்சம் ஏறினால் வழக்கு முடிந்தது. உப்புத்தாள் செலவோடு போகும்.

ஒன்று மட்டும்: ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் டயோடு கருகிவிடலாம்.