கருப்பு காரும் கறார் வரிசையும்

ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913-ல் கார் பூட்டும் நகரும் வரிசை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் பூட்டும் வேலை, சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. போல்ட்டைச் செருகுபவர் ஒருவர், நட்டைப் போடுபவர் அடுத்தவர், அதை முறுக்குபவர் இன்னொருவர். கல்யாணப் பந்தியில்கூட உப்பு வைப்பவர் ஊறுகாயும் வைக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

ஆட்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்துத்தான் பிடித்து வைக்க முடிந்தது. அதிலும் ஒரு வில்லங்கம்: குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ஆள் வருவார். மாமியார் தோற்றார் போங்கள்.

நெகிழ்வு? பல வருஷம் கார் கருப்பு மட்டும்தான். 1927-ல் மாடல் டி-யை விட்டு மாடல் ஏ-க்கு மாற, உற்பத்தியையே மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். அந்த வருஷம் விற்பனையில் செவ்ரோலே முந்திக்கொண்டது.

வோல்வோ ஃபோர்டின் வரிசைக்கு நேர்மாறு. சுவீடனின் உட்டேவல்லாவில் சிறு குழு ஒரே இடத்தில் நின்று முழு காரையும் பூட்டியது. பேராசிரியர்கள் மெச்சினார்கள். விற்பனை படுத்ததும் 1993-ல் ஆலைக்கே பூட்டு. அது திறமையான ஆலையா இல்லையா என்று நிபுணர்கள் பிறகும் கட்டுரை எழுதிச் சண்டை போட்டார்கள். அந்த உற்பத்தியில் மட்டும் குறைவே இல்லை.

இப்போது எல்லா ஆலையும் நெகிழ்வான ஆலைதான். எது நெகிழ்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஷிப்ட்.