கம்ப்யூட்டர் படிச்ச தம்பி

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில், தோளில் லேப்டாப் பையும் கையில் அம்மா கட்டிக்கொடுத்த மஞ்சள் பையுமாக ஒருவன் இருந்தால் அவன்தான் நம் ஆள். பெயர் ‘கம்ப்யூட்டர் படிச்ச தம்பி’. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

கம்ப்யூட்டர் மேல் அவனுக்குப் பிறவி ஆசை என்றெல்லாம் எதுவும் கிடையாது. பத்தாவதில் கணக்கில் தொண்ணூறைத் தாண்டித் தொலைத்தான், அவ்வளவுதான். அப்பாவின் திட்டம் வேறு. ஐ.டி.ஐ. படிக்கவைத்து, நெய்வேலியில் அப்ரண்டிஸ் சேர்த்து, எப்படியாவது என்.எல்.சி.யில் பர்மனென்ட் ஆக்கிவிட வேண்டும். அது தப்பினால் இருக்கவே இருக்கிறது நம்மூர் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலை. மாமாதான் குறுக்கே வந்தார். “மச்சான், இனிமே எல்லாமே கம்ப்யூட்டர்தான்” என்றார். அதுவரை மாமா கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தது புவனகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று.

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தது. லேபுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி ஆகாது என்பது சார் சொன்ன காரணம். வைரஸ் வந்துவிடும் என்பது பையன்களாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு மெஷினுக்கு ஐந்து பேர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மற்ற நாலு பேர் “டேய், டபுள் கிளிக் பண்ணுடா” என்று வழிநடத்துவார்கள். நம் தம்பி பெரும்பாலும் வழிநடத்துகிறவர்களில் இருந்தான். பிற்காலத்தில் டீம் லீட் ஆனதற்கு அதுதான் அடித்தளம் என்பது என் அபிப்பிராயம்.

பிளஸ் டூவில் பாடப்புத்தகம் இரண்டு. முதலாவது ஸ்டார் ஆபீஸ். எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதைத் தயாரித்த சன் கம்பெனியை 2010இல் ஆரக்கிள் வாங்கியது, மறு வருஷமே ஸ்டார் ஆபீஸுக்கு மங்களம் பாடிவிட்டது. நம் புத்தகம் அசரவில்லை. அதற்கப்புறமும் பல வருஷம் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இரண்டாவது சி பிளஸ் பிளஸ். ‘ஐஓஸ்ட்ரீம்’ என்று எழுதினால் போதும், பின்னால் ‘டாட் ஹெச்’ வேண்டாம் என்று 1998லேயே உலகத் தரத்தில் முடிவு செய்துவிட்டார்கள். சேதி வெள்ளாற்றைத் தாண்டி வரவில்லை. 2012 மார்ச்சில் பரீட்சை எழுதிய நம் தம்பி டாட் ஹெச் போட்டான், முழு மார்க்கும் வாங்கினான்.

இலவச லேப்டாப் வந்ததும் அந்தப் படிப்பில்தான். 2011 செப்டம்பரில் அரசு திட்டத்தைத் தொடங்கியது. டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. அப்புறம் கரண்ட் வந்தது. கூடவே 2012இன் மின்வெட்டும் வந்தது. லேப்டாப் கைக்கு வந்தபோது அதற்கு ஊர் கண்டுபிடித்த பயன், அதில் தெருவிலுள்ள சைனா செட் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்பதுதான். “தம்பி, ஒரு கோடு ஏத்திக் குடுடா” என்று வாசலில் கியூ. கம்ப்யூட்டர் துறையில் அவன் செய்த முதல் சேவை அது.

ரிசல்ட் வந்தது. அம்மாவுக்குச் சிதம்பரம் போதும்: அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929லிருந்து இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. ஆனால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இன்ஜினியரிங் காலேஜ்கள் கடை விரித்திருந்த காலம். கிண்டி கவுன்சிலிங்கில், பெயரில் சென்னையும் முகவரியில் வேறு மாவட்டமும் உள்ள ஒன்று அமைந்தது. நாலு வருஷம், ஐந்து அரியர், ஒரு டிகிரி. பிறகு வேளச்சேரியில் ஆறு பேர் தங்கும் அறை, டெஸ்டிங் கோர்ஸ்.

அங்கேயும் ஊர் அவனை விடவில்லை. 2004லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது, நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் கணக்கு. குழாயில் காற்று வருகிற நாளெல்லாம் ஹவுஸ் ஓனர் நேரே நம் தம்பியிடம்தான் வருவார்: “என்னப்பா, உங்க ஊர்ல அடைச்சிட்டீங்களாமே?”

வேலை கிடைத்து முதல் தீபாவளிக்கு வந்தபோது மாமா திண்ணையில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

“கம்ப்யூட்டரச் செய்வியா, ரிப்பேர் பண்ணுவியா?”

“ரெண்டும் இல்ல மாமா. டெஸ்டிங். வேற ஒருத்தர் எழுதின புரோகிராம்ல என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லணும்.”

மாமா யோசித்தார். “கரும்பு வெட்டுறப்ப மேஸ்திரி வந்து நிப்பானே, தோகை சரியா கழிக்கல, வேர் ஒட்டியிருக்குன்னு. அந்த மாதிரியா?”

“கிட்டத்தட்ட அதான் மாமா.”

“அப்ப உன்னை எவனுக்கும் புடிக்காதே!”

சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை.

2020 மார்ச்சில் ஆபீஸே ஊருக்கு வந்துவிட்டது. சிக்னல் மொட்டை மாடியில் வாட்டர் டேங்க் பக்கத்தில்தான் கிடைக்கும். அங்கே குடையும் நாற்காலியும் போட்டு, “ஆம் ஐ ஆடிபிள்?” என்று ஊருக்கே ஆடிபிளாகக் கத்திக்கொண்டிருப்பான். கீழே அம்மா மோட்டாரைப் போட்டதும் வைஃபை போய்விடும். ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்கக்காரனிடம் இங்கிலீஷில் கெஞ்சுவதைக் கேட்ட ஆயா, திருநீறு மந்திரித்து வாங்கி வரச் சொன்னது.

இப்போது அவன் சிறுசேரியில் முப்பது பேரை மேய்க்கிறான். ஊரில் இறங்கினால் மட்டும் பதவி இறக்கம். பெரியப்பாவுக்கு போன் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’. ஆனால் அதிலுள்ள குட்மார்னிங் படங்களில் ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது. எதிர்வீட்டு அக்காவுக்குப் பட்டா ஆன்லைனில் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் பிரிண்டர் பேப்பரை மெல்லுகிறது. எங்கேயும் தெரியாது என்று அவன் சொல்வதில்லை, சொன்னால் “இதுகூடத் தெரியாம அங்க என்னத்தப் புடுங்குற?” என்று கேட்பார்கள் என்பது தெரியும். தனியாகப் போய் யூடியூப் பார்த்துவிட்டு வந்து சரிசெய்கிறான்.

தீபாவளிக்கு அவனுக்கு மூன்றே நாள் லீவு. ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி வருகிறவன். பெரியப்பாமார்களே, அக்காமார்களே, முதல் நாள் மத்தியானம் வரைக்குமாவது அவனைத் தூங்க விடுங்கள்.