பிராங்பர்ட் பார்த்து வைத்த அலாரம்

லைப்சிக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

உங்கள் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். காசிக்கு டிக்கெட் போட்டதில் சந்தோஷம். "ஜெர்மன்காரன் பண்ணின அலாரம் கடிகாரமா, சின்னதா, செல் போட்டு ஓடுறதா ஒண்ணு அனுப்பு, விலை ஜாஸ்தி வேண்டாம்" என்று சொல்லியிருந்தீர்கள். பின்னால் அத்தை, "அதான் போன்ல அலாரம் இருக்குல்ல" என்றதும், நீங்கள் அதட்டியதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. இந்த வழக்கில் நான் உங்கள் கட்சி. ரயிலில் ராத்திரி 11 மணிக்குச் சார்ஜ் பாயிண்டை அணைத்தால் காலை 5 மணிக்குத்தான் போடுவார்கள். அதற்குள் அத்தை சீரியல் பார்த்தே போனைக் காலி பண்ணிவிடுவார்கள்.

சரி என்று கடைக்குப் போய்ப் பார்த்தேன். பத்து யூரோவுக்கே கிடைக்கிறது. ஆனால் மாமா, இந்த ஊரில் பத்து யூரோ கடிகாரத்துக்கும் மேலதிகாரி உண்டு. பிராங்பர்ட் பக்கம் மைன்பிளிங்கன் என்று ஒரு கிராமம். அங்கே 1959 முதல் ஒரு ரேடியோ நிலையம் நடக்கிறது. பாட்டு கிடையாது, செய்தி கிடையாது, 77.5 கிலோஹெர்ட்ஸில் ராப்பகலாக மணி சொல்வதுதான் வேலை; கடிகாரங்கள் அதைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். அந்த மணி அணுக் கடிகாரத்து மணி. லட்சக்கணக்கான வருஷத்தில் ஒரு வினாடி பிசகினால் அதிகம். வினாடிக்கு ஒரு துணுக்காக அனுப்புவதால் ஒரு தடவை சொல்லி முடிக்க முழு நிமிஷம் பிடிக்கிறது. அதற்குள் நிமிஷம் மாறிவிடுமே என்று கேட்பீர்கள். அதனால் வரப்போகிற நிமிஷத்தைத்தான் முன்கூட்டியே சொல்கிறார்கள். இவர்களா விடுவார்கள்? கோடை நேரம் முடிகிற அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை 3 மணியானால் கடிகாரம் தானாகவே 2 மணிக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் சர்க்கார் உபயம். மார்ச்சில் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்களுக்கு அனுப்புமுன் ஓட்டிப் பார்ப்போம் என்று ஒன்று வாங்கி வந்தேன். செல் போட்டதும் முள்ளெல்லாம் விறுவிறுவென்று ஓடி 12-ல் போய் நின்றது. அவ்வளவுதான். அசையவில்லை. கூட வந்த தாளைத் தரையில் விரித்தால் அதில் நான் படுக்கலாம், அத்தனை மொழி. பொத்தானைத் தொடாதே, டிவி பக்கத்தில் வைக்காதே, இரும்புச் சாமான் பக்கத்தில் வைக்காதே, ராத்திரி வரை பொறுமையாக இரு, பிராங்பர்ட் திசை பார்த்து வை. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று நீங்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று சிரித்தவன், திசைகாட்டியோடு கட்டிலைச் சுற்றி வந்தேன். மேஜையில் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன், கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. நான் இருப்பது கிழக்கு ஜெர்மனி காலத்துக் கான்கிரீட் கட்டடம். சுவர் முழுக்கக் கம்பி, அலை உள்ளே நுழைய வழியில்லை. கடைசியில் அடுக்களை ஜன்னலில்தான் பிடித்தது. முள் தானாகச் சுற்றிச் சரியான மணியில் வந்து நின்றபோது எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

ஆக, கடிகாரம் அடுக்களையில், நான் படுக்கையறையில். அலாரம் என்னைத் தவிர எல்லாரையும் எழுப்பியது. ராத்திரி 10 முதல் காலை 6 வரை இங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. கீழ் வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்: "மதிப்புக்குரியவரே, உங்கள் கடிகாரம் 5.30-க்கு அடிக்கிறது. நீங்கள் 5.41-க்கு நிறுத்துகிறீர்கள்." இல்லை, 5.40-தான் என்று சண்டைக்குப் போகலாம் என்றால், அவரிடமும் அதே மைன்பிளிங்கன் மணி. என்னத்தைப் பேச?

இதை உங்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? அந்த அலை 2000 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். நம் ஊரில் கையால் திருகி மணி வைத்தால் சாதாரணக் கடிகாரமாக ஓடும். ஆனால் ராத்திரியானால் பிராங்பர்ட்டைத் தேடும், கிடைக்காது, மறுநாளும் தேடும். தேடித் தேடியே செல் தீர்ந்துவிடும். பாவம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஊர்ச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று தேடுகிற ஆள் இந்த வீட்டிலும் ஒருத்தன் உண்டு. டிசம்பர் கடைசியில் இங்கே எட்டேகாலுக்குத்தான் விடிகிறது மாமா. காக்கா இல்லை, பால்காரன் இல்லை, அத்தை வாளியை 'ணங்' என்று வைப்பதில்லை. அந்த வாளிக்கு எந்த அணுக் கடிகாரமும் ஈடில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள், அதட்டினதற்கு ஆறுதலாக இருக்கும்.

அதனால் பஜாரிலேயே வாங்குங்கள். பென்சில் செல் போடுகிறதாகப் பாருங்கள். பட்டன் செல் என்றால் வழியில் ஸ்டேஷனில் கிடைப்பது கஷ்டம். கடையிலேயே காதில் வைத்துப் பாருங்கள், 'டிக் டிக்' பலமாகக் கேட்டால் எதிர் பெர்த்காரன் சும்மா இருக்க மாட்டான். அலாரம் பொத்தான் லேசாகப் பட்டாலே அமுங்குகிற மாதிரி இருந்தால் வேண்டாம், பைக்குள் தானாக அணைந்துவிடும். முக்கியமாக ஒன்று: முள் கடிகாரத்துக்குப் பகல் ராத்திரி தெரியாது. விடிகாலை மங்கள ஆரத்திக்கு 2 மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று முந்தின நாள் காலையிலேயே திருகி வைத்தால், மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கத்தில் அலறும். சாயங்காலம் வையுங்கள். அலாரம் முள் அஞ்சு பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

மணி சரியா என்ற கவலையும் வேண்டாம். இந்திய நேரத்தைக் கணக்கிடும் 82.5 பாகைக் கோடு, காசிக்குப் பக்கத்தில் மிர்சாபூர் வழியாகத்தான் போகிறது. மைன்பிளிங்கன்காரன் அதைப் பார்த்தால் பொறாமைப்படுவான்.

கடிகாரத்துக்கும் வழிச்செலவுக்கும் அத்தை கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். காசியில் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பீர்களே, கத்தரிக்காயைத் தவிர எதை வேண்டுமானாலும் விடுங்கள். நீங்கள் விட்டால் அத்தை சமைக்க மாட்டார்கள். நான் தை மாசம் லீவுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்