பிரஷ் அண்ணாச்சி

தூத்துக்குடியில் துறைமுகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் தெருவுக்கு ஒரு பிரஷ் அண்ணாச்சி கட்டாயம் இருப்பார். எந்தக் காலத்திலோ ஒரு கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போன ஷேவிங் பிரஷ்தான் அவருக்குச் சொத்து.

"இது பேட்ஜர் முடி, வே!"

"பேட்ஜர்னா என்ன அண்ணாச்சி?"

"சீமைக் கீரின்னு வச்சுக்கிடுமேன்."

பிரஷுக்கென்றே பனந்தும்பைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர் இது. அண்ணாச்சி காப்பாற்றுவதோ வெளிநாட்டு மிருகத்தின் முடியை.

முகம் மழிக்க ஐந்து நிமிஷம் போதும். அதன்பின் பிரஷைக் குளிப்பாட்டக் கால் மணி நேரம். உப்புத் தண்ணீர் ஆகாது. சோப்பு திரிந்து முடியிடுக்கில் வெள்ளையாகப் படியும். ஆகவே நல்ல தண்ணீர், அதுவும் ஒரு சொம்பு. வீட்டில் குடிக்க இருக்கிறதா என்பது வேறு விஷயம். அடிமுடிவரை நுரை போக அலசி, ஓங்கி இரண்டு உதறு உதறுவார். எதிரே நிற்பவர் சட்டை நனையும். முறுக்கிப் பிழிந்தால் முடி கழன்றுவிடும் என்று துண்டில் பட்டும் படாமலும் ஒற்றியெடுத்து, கொடியில் பனியன்களுக்கு நடுவே கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்.

கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் கவலையில்லை. ஐப்பசி பிறந்து உப்பளங்களில் வேலை நின்றதும் அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விடும். பிரஷ் ஃபேனுக்கு நேரே நாற்காலியில் ஏறும்.

"மனுசனுக்குத் துவட்டத் துண்டு காயல, இதுக்கு ஃபேனு!" என்பார் ஆச்சி.

ஒருமுறை வெளியூர் கிளம்பும் அவசரத்தில் மகன் அதை ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டான். திறந்தால் பூஞ்சை, நாற்றம். மூன்று நாள் மகனோடு பேச்சில்லை. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு முத்தெடுத்த ஊர் இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அந்த வாடையைத் தாங்கிய ஊரில் ஒரு பிரஷ் நாறக்கூடாதென்று இந்தப் பாடு.

அலசுவது, உதறுவது, மூடிவைக்காமல் இருப்பது, இவற்றில் அண்ணாச்சி கட்சிதான் நானும். தலைகீழாகத் தொங்குவதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. காற்றோட்டம் இருந்தால் நின்ற வாக்கிலும் காயும். இதை அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமான கதையிலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் வீடு போய்ச்சேர மத்தியானமாகிவிடும்.