நொட்டைக்காரருக்கு ஒரு நாற்காலி

எந்த அலுவலகத்திலும் ஒரு நொட்டைக்காரர் உண்டு. கணக்குப் பிரிவிலோ சம்பளப் பிரிவிலோ வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர். சுற்றறிக்கை வந்தால் விஷயத்தைப் படிப்பதற்கு முன்பே தேதி தப்பு என்பார். கேன்டீன் பில்லில் முப்பது பைசா எங்கே போயிற்று என்று கேட்பார். மீட்டிங் இருக்கிற சேதி அவருக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேராது. புது மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள், கோ-லைவுக்கு முன் பயனாளிகளே அதை ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தரும் யுஏடி சோதனைக்கும் இதே வழக்கத்தைத்தான் கடைப்பிடிக்கின்றன. அவரை விட்டுவிட்டு, கையில் வேலை குறைவாகவும் முகம் சிரித்தாற்போலவும் இருக்கிற ஒருவரை அனுப்புகின்றன. அனுப்ப வேண்டியவரை விட்டு வேறு ஆளை அனுப்புகிறார்கள் என்பது என் கட்சி.

சிரித்த முகத்தார் போய் என்ன செய்கிறார்? கம்பெனிக்காரர் டெமோவில் காட்டிய அதே ஊழியர் எண்ணைப் போட்டு, அதே பட்டனை அழுத்துகிறார். திரையில் பச்சை. "ஓகே சார்." நொட்டைக்காரர் உட்கார்ந்தால் கதையே வேறு. முதலில் கால்குலேட்டரில் விடையைப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகுதான் திரையைப் பார்ப்பார். டெஸ்ட் கேஸில் 'எதிர்பார்க்கும் விடை' என்ற கட்டத்தை முன்கூட்டியே நிரப்புங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். திரையில் வந்த எண்ணைப் பார்த்து நிரப்பினால் அது சோதனை இல்லை, காப்பி. அப்புறம் கேள்விகள் வரும். "31ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு டூட்டிக்கு வர்றவர் மறுநாள் காலையில ஆறு மணிக்குப் போறார். அந்த எட்டு மணி நேரம் எந்த மாசச் சம்பளத்துல சேரும் தம்பி?" தம்பி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். "சரி, அதை விடுங்க. 'லாஸ்ட் நேம் கட்டாயம்'னு சிவப்புல வருதே, நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல்தானே இருக்கு?"

இதையெல்லாம் பார்க்கத்தான் மென்பொருள் கம்பெனியிலேயே டெஸ்டர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தபடி மென்பொருள் நடக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். எழுதிக்கொடுத்ததே தப்பு என்று கண்டுபிடிக்க, அந்த வேலையைச் செய்கிறவர்தான் வேண்டும். ஆனால் அவர் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருளை ஓடவிட்டது. ஷிப்ட், ஓவர்டைம், விதவிதமான படிகள் என்று வாழ்கிற நர்ஸுகள், டாக்டர்கள் உட்பட ஏறத்தாழ 78,000 ஊழியர்கள். சிலருக்குச் சம்பளம் கூடுதலாக வந்தது, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு வரவே இல்லை. 2013இல் விசாரணை ஆணையம் துருவியபோது, யுஏடியில் குறைகள் ஏராளமாக வெளிவந்ததும், தேர்ச்சிக்கான நிபந்தனையைத் தளர்த்திவிட்டு மேலே போனதும் தெரிந்தது. மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொடும் என்று மதிப்பிட்டார்கள். கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளோ, ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டத்தையே கைவிட்டு 2016இல் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சம்பளத்தைக் குழப்பியது.

அவரை உட்கார வைத்தால் சோதனை முடியவே முடியாதே என்ற பயம் நியாயமானது. எழுத்துப்பிழையைக்கூட 'மிகத் தீவிரம்' என்று பதிகிற ஆள் அவர். அதனால்தான் எந்தக் குறை கோ-லைவை நிறுத்தும், எது அடுத்த மாதம் வரை பொறுக்கும் என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே, அவரையும் உட்கார வைத்து, எழுதிக்கொள்ள வேண்டும். தானே எழுதிய விதியை அவர் மீறமாட்டார். அது அவருடைய பலவீனம். முக்கியமாக, அந்தத் தாள் மேலதிகாரியையும் கட்டிப்போடும். குயின்ஸ்லாந்தில் நழுவியது அந்தக் கட்டுதான். புது மென்பொருள் என்றாலே அவருக்கு ஆகாது என்று இன்னொரு குறையும் சொல்வார்கள். வாஸ்தவம். பழைய ரிஜிஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த விதிவிலக்குகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். புதிய திரையில் அவற்றுக்கு இடமில்லை என்பதுதான் அவர் கோபம். அந்தக் கோபத்தை வரி வரியாக டெஸ்ட் கேஸாக எழுதி வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவரே ஏற்றுக்கொண்ட மென்பொருளை அந்தப் பிரிவில் வேறு யாரும் குறைசொல்லத் துணியவும் மாட்டார்கள்.

சைன்-ஆஃப் அன்று 'கீழ்க்கண்ட குறைகள் நீங்கலாக' என்று பேனாவால் எழுதி, தேதியோடு மணியும் போட்டுக் கையெழுத்திடுவார். தனக்கென்று ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார். ஜெராக்ஸ் மெஷின் இடதுபக்க ஓரத்தை வெட்டுகிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்.