சாமை ஆலையில் ஒரு சர்வர்

ஒரு வணிகத்தின் கணக்கு, சரக்கிருப்பு, விலைப்பட்டியல் ஆகியவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிகளுக்கெல்லாம் கேட்ட பொழுதில் எடுத்துத் தரும் கணினியே சர்வர் எனப்படுவது. அதை முதன்முதலாக நிறுவ முற்படும் தொடக்கநிலையாளருக்கு நேர்வனவற்றை ஆராய ஜவ்வாது மலையைப் போல வாய்ப்பான களம் அரிது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இம்மலையில் சாமை, தேன், புளி, கடுக்காய் முதலியன கிடைப்பதாலும், அவற்றை வாங்கித் தூய்மைப்படுத்திக் கீழே அனுப்பும் சிறு வணிகத்துக்கு ஜமுனாமரத்தூர் ஏற்ற இடமாக இருப்பதாலும், நான்கு கணினிகளும் ஒரு தராசும் மட்டுமே உள்ள கடைக்குக்கூட ஒருநாள் சர்வர் ஆசை வந்து சேர்கிறது.

ஆசை வந்த மறுநாளே ஆலோசகர் வந்துவிடுவார் என்பது இத்துறையின் முதல் விதி. பெரும்பாலும் போளூரிலோ திருப்பத்தூரிலோ கணினிப் படிப்பு முடித்த உறவுக்காரப் பிள்ளையாக இருக்கும் அவர், பெருநிறுவனங்கள் கழித்துவிட்ட ரேக் சர்வர், அதாவது இரும்பு அடுக்கில் செருகும் தட்டையான வகை, சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் என்பார். அந்த மலிவு வாங்கும் நாளுக்கு மட்டுமே உரியது என்பதை மின்கட்டண அட்டை பின்னர் விளக்கும். சும்மா இருக்கும்போதே 150 வாட் உண்ணும் அத்தகைய பொறி 60 நாள்களில் 216 யூனிட் ஏற்றிவிட, அதே வேலையை 40 வாட்டில் முடிக்கும் பழைய மேசைக் கணினிக்கு ஏறத்தாழ 58 யூனிட் போதுமானதாகிறது. ரேக் சர்வரின் விசிறிகள் ஆளில்லாத, குளிரூட்டிய அறைக்கென வடிவமைக்கப்பட்டவை ஆதலால், கல்லாவில் இருப்பவரும் சாமை மூட்டையோடு வந்தவரும் சைகையாலேயே விலை பேசி முடிக்க வேண்டியுள்ளது. ஒன்று பழுதானால் மற்றது தாங்கும் என்ற நோக்கில் அதில் இரண்டு பவர் சப்ளைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் வயர்கள் இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகப்பட்டிருப்பதையும், மூன்றாம் துளையில் யாருடையதோ ஒரு செல்போன் சார்ஜர் இருப்பதையும், அவசரத்தில் சார்ஜரைப் பிடுங்குபவர் மொத்த பாக்ஸையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடக் கூடும் என்பதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இம்மலையின் காவலூரில், நகர விளக்குகள் எட்டாத இருட்டை நாடி 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் தொடங்கினார் என்பதும், அவர் மறைவுக்குப் பின் 1986-இல் செயற்படத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது என்பதும் பலரும் அறிந்தவை. வானியலுக்கு வரமாக அமைந்த இருட்டு, மின்தடை என்னும் வேறு வடிவில் வரும்போது சர்வருக்குச் சாபமாகிறது. ஆயினும் முழு இருட்டைவிடக் கொடியது அரை வெளிச்சம்: சாமையின் உமி நீக்கும் இயந்திரத்தின் மோட்டார், கிளம்பும் நொடியில் வழக்கமானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் சரிந்து, பக்கத்து அறையில் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் சர்வர் பாதி வரியில் அணைந்து மீண்டும் எழுகிறது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதிலும் பயன் குறைவு. இன்வெர்ட்டருக்கு மாறும்போது நேரும், மின்விசிறிக்குத் தெரியாத சிறு இடைவெளி கணினிக்கு மரணமாக இருக்கலாம் என்பதாலேயே யுபிஎஸ் என்ற தனிக் கருவி தேவைப்படுகிறது. அதுவும் மின்தடை முழுவதையும் தாங்குவதற்கு அன்று. கேபிள் வழியே சேதி சொல்லி, சர்வர் கோப்புகளை மூடிவிட்டு முறையாக உறங்கப் போக அவகாசம் தருவதற்கே. யுபிஎஸ்ஸோடு சேர வேண்டிய எர்த் கம்பியை இறக்கும் பணியில் பாறை குறுக்கிடும்போது, இரண்டடி தோண்டிவிட்டு மேலே மண்ணைப் போட்டு மூடும் வழக்கம் உண்டு. மேலிருந்து பார்க்கும் உரிமையாளருக்கு இரண்டடியும் எட்டடியும் ஒன்றே, இடிக்கு அல்ல.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளும், விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புறையைப் பகிர்ந்து தரும் சாம்பாவும் காசின்றிக் கிடைக்கின்றன. அவற்றை நிறுவத் தேவையான பொறுமை மட்டுமே விலைக்குக் கிடைப்பதில்லை.

மலைக்கடையின் சர்வரைப் போளூர்க் கிளையிலிருந்து பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எழும்போது அடுத்த பாடம் தொடங்குகிறது. பழைய இணைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் 430 கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரிகளே உண்டு என்பதால், இணைப்பு தருவோர் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருவது வழக்கம். இவ்வாறு பங்கில் வாழும் சர்வர் வெளியே பேசலாமே தவிர, வெளியிலிருந்து அதை அழைக்க இயலாது. நிலையான முகவரியை வாங்கிக் கதவை அகலத் திறந்து வைப்போரும் உளர். வாடிக்கையாளர் ஒருவர் வருமுன்னரே, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் அங்கே வரிசையில் நின்றுவிடும். போளூர்க் கணினிக்கும் சர்வருக்கும் இடையே மறைகுறியாக்கிய தனிவழியான விபிஎன் அமைப்பதே முறை.

இனி, இத்துறையின் பெரும் மூடநம்பிக்கைக்கு வரலாம். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஆய்வுரையாக எழுதி அறிமுகப்படுத்திய ரெய்டு என்பது, பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் முறை. அதன் ஒரு வகையில், எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு வட்டுகளிலும் ஒருசேரப் பதிவாவதால் ஒன்று கெட்டாலும் கடை நிற்காது. இதைக் கேட்டவுடன் தொடக்கநிலையாளர் காப்புநகல் கவலையை அன்றோடு விட்டுவிடுகிறார். கணக்கர் தவறுதலாக ஓராண்டுப் பேரேட்டை அழிக்கும்போது, ரெய்டு அந்த அழிப்பையும் இரண்டு வட்டுகளிலும் சிறு பிசகுமின்றி நிறைவேற்றித் தருகிறது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டை வட்டுகள் ஒரே வாரத்தில் உயிர்விடுவதும் கேள்விப்படாத செய்தியன்று. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கொடைக்கானல் நிலையத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இத்தனை காலம் நிலைத்திருந்து, அண்மைக் காலத்தில் கணினிக்கு மாற்றப்பட்டன. வன்வட்டின் உத்தரவாதமோ பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே.

ஆகவே பழைய மேசைக் கணினி ஒன்றே இக்கடைக்குப் போதும். மிஞ்சும் பணத்தை யுபிஎஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இரண்டு வெளிவட்டுகளுக்கும் செலவிட்டு, அவ்வட்டுகளிலிருந்து கணக்கை மீட்டெடுக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறையேனும் பார்ப்பதே தக்கது. ஜிஎஸ்டி சட்டப்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்கேடுகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போலக் கம்பெனியாகப் பதிவானவை, 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மின்னணுக் கணக்கேடுகளின் காப்புநகலை இந்திய மண்ணில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்கக் கடமைப்பட்டவை. போளூர் இந்தியாவில்தான் இருக்கிறது என்பதால், இரண்டாவது நகலை அங்கே கொண்டுபோய் வைக்கச் சட்டத்தடை ஏதுமில்லை.