தங்கம் செய்யத் தெரியுமா, சார்?

கேள்வி: சவரன் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் ஈயத்தைத் தங்கமாக்க முடியாதா? (திருப்பூர்)

பதில்: முடியும். ஆக்கியும் விட்டார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் ஈய அணுக்கருக்களை எதிரெதிரே ஓடவிட்டார்கள். நேருக்கு நேர் மோதாமல் மயிரிழையில் விலகிப் போன சில கருக்கள், போகிற போக்கில் மூன்று புரோட்டான்களை உதிர்த்தன. ஈயத்துக்கு 82, தங்கத்துக்கு 79. கணக்கு சரி. 2015 முதல் 2018 வரை இப்படிப் பிறந்த தங்கக் கருக்கள் சுமார் 8,600 கோடி. கோடி என்றதும் எழுந்து உட்காராதீர்கள். மொத்த எடை 29 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டு, அதில் 29 பங்கு. அதுவும் பிறந்த மறுகணமே குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிட்டது. செய்கூலியைக் கேட்காதீர்கள், சேதாரம் நூறு சதவீதம்.

கேள்வி: ரசவாதிகள் எல்லாம் எத்தர்கள்தானே? அவர்களுக்கும் அணு விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம்? (காரைக்குடி)

பதில்: எத்தர்கள் ஏராளம். அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த நேர்மையான ஆட்களும் ஏராளம். டேனியல் சென்னர்ட் (1572–1637) என்று ஒருவர். ஜெர்மனியில் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர், ரசவாதத்தில் ஊறியவர். அவர் செய்ததை நம்மூர்த் தட்டாரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். வெள்ளியைத் திராவகத்தில் போட்டார். கரைந்து காணாமல் போனது. கண்ணுக்குத் தெரிந்தது தெளிந்த நீர் மட்டும். தாளில் வடிகட்டினார். தாளில் ஒரு பொட்டுக்கூடத் தங்கவில்லை. பிறகு கொஞ்சம் காரத்தைச் சேர்த்தார். அடியில் பொடி இறங்கியது. அதைக் கழுவி, மூசையில் இட்டு உருக்கினால், பழைய வெள்ளி பழையபடி!

இரண்டு பொருள் முழுக்கக் கலந்துவிட்டால் பழையது அழிந்து புதியது பிறக்கும் என்பது அரிஸ்டாட்டில் பேரைச் சொல்லி அன்று நடத்திய பாடம். அழிந்த வெள்ளி எப்படித் திரும்பி வந்தது? அழியவே இல்லை, தாளின் துளையில் நுழைகிற அளவுக்குப் பொடிப்பொடியாகி உள்ளேயேதான் இருந்தது என்றார் சென்னர்ட். அதுவரை தத்துவப் பண்டிதர்களின் வாயில் இருந்த அணு, வடிதாளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். பின்னால் ராபர்ட் பாயில் இந்தச் சோதனையைத் தாராளமாக எடுத்தாண்டார்.

கேள்வி: நியூட்டனுமா? (ஈரோடு)

பதில்: நியூட்டனும்தான். ரசவாதம் பற்றி அவர் எழுதிக் குவித்தது சுமார் பத்து லட்சம் வார்த்தை. 1696இல் லண்டன் அரசு நாணயச்சாலையில் அதிகாரியாகச் சேர்ந்தார். செய்ய வராத தங்கத்தை மேய்க்கவாவது கொடுத்துவைத்திருந்தது.

கேள்வி: அணு உடையும் என்று கண்டுபிடித்தவர்கள் ‘ரசவாதம்’ என்ற சொல்லுக்கே பயந்தார்களாமே? (நாகர்கோவில்)

பதில்: ஒருவர் குதித்தார், இன்னொருவர் பயந்தார். 1901, மாண்ட்ரியல், மெக்கில் பல்கலைக்கழகம். இயற்பியல்காரர் ரூதர்ஃபோர்டுக்கு முப்பது வயது, வேதியியல்காரர் ஃபிரெடரிக் சாடிக்கு 24. தோரியத்திலிருந்து ஏதோ ஒரு வாயு கசிகிறது. சாடி அதை என்னென்னவோ மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தார். எதோடும் சேரவில்லை. ஆர்கான் சாதி வாயு. அப்படியென்றால் தோரியம் தானாகவே வேறொரு தனிமமாக மாறிக்கொண்டிருக்கிறது! சாடி, இது தனிம மாற்றம் என்று கூவ, அந்தச் சொல்லை மட்டும் சொல்லித் தொலைக்காதே, நம்மை ரசவாதிகள் என்று தலையை வாங்கிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு அடக்கினாராம். இது சாடி பிற்காலத்தில் சொன்ன கதை. அதே ரூதர்ஃபோர்டு 1937இல் எழுதிய கடைசிப் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு, ‘புதிய ரசவாதம்’. தலை தப்பும் என்று தெரிந்த பிறகு தைரியம் வருவது சகஜம்.

கேள்வி: இயற்பியல்காரரான ரூதர்ஃபோர்டுக்கு வேதியியல் நோபல் கொடுத்தது ஏன்? (சேலம்)

பதில்: 1908இல் அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். எத்தனையோ மாற்றங்களைப் பார்த்திருக்கிறேன், நான் வேதியியல்காரனாக மாறிய வேகம் எதற்கும் வராது என்று.

கேள்வி: ஆவி, பேய் என்று நம்பியவர்கள் நல்ல விஞ்ஞானிகளாக இருக்க முடியுமா? (மட்டக்களப்பு)

பதில்: வில்லியம் குரூக்ஸ் இருந்தாரே! 1861இல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். பத்து வருடம் கழித்து, ஹோம் என்ற ஆவி ஊடகக்காரரின் ஒரு கையோடு அக்கார்டியன் பெட்டியைக் கம்பிக் கூண்டுக்குள் விட்டு, அது தானாக வாசிக்கிறதா என்று சோதித்தார். வாசித்தது என்று எழுதியும் வைத்தார். இதே மனிதர்தான் 1903இல் ஒரு சின்னக் குழாய் செய்தார். ஒரு துணுக்கு ரேடியம், எதிரே துத்தநாக சல்பைடு பூசிய திரை, மேலே ஒரு லென்ஸ். இருட்டறையில் கண் பழகும்வரை பொறுத்திருந்து பார்த்தால், திரையெங்கும் மின்மினிகள். ஒவ்வொரு மினுக்கும் ஓர் அணு சிதைந்து தெறித்த துகள். அணு உடைவதை மனிதன் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பியேர் கியூரியும் 1905இல் பாரிஸில் ஆவி அமர்வுகளுக்குப் போய் உட்கார்ந்து கவனித்தவர். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் கை எலும்பைப் படம் பிடிக்கும் என்று 1895இல் தெரிந்துபோயிற்று. கண்ணுக்குத் தெரியாத தாத்தா மட்டும் மேஜையைத் தட்டமாட்டார் என்று யார் அடித்துச் சொல்வது?

கேள்வி: அன்னி பெசன்ட் அம்மையார் அணுவை ஞானக்கண்ணால் பார்த்தாராமே? எங்கள் பேட்டையில் சொல்கிறார்கள். (அடையாறு, சென்னை)

பதில்: உங்கள் பேட்டையில்தான் புத்தகமே வந்தது. அம்மையாரும் அவர் தோழர் லெட்பீட்டரும் 1895இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஆரம்பித்து, 1907 கோடையில் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே உட்கார்ந்து மற்ற தனிமங்களைப் ‘பார்த்து’, 1908இல் வெளியிட்டது ‘மறைநிலை வேதியியல்’. பருப்பொருளின் கடைசித் துணுக்குக்கு அவர்கள் வைத்த பெயர் நம் சொல்தான்: அணு. இதய வடிவம், பத்துச் சுருள், ஆண் பெண் என்று இரு வகை. ஹைட்ரஜனில் 18, நைட்ரஜனில் 261, ஆக்சிஜனில் 290 என்று எண்ணிச் சொன்னார்கள்.

நானும் வகுத்துப் பார்த்தேன். 290ஐ 18ஆல் வகுத்தால் 16.1, ஆக்சிஜனின் அணு எடைக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. 261ஐ வகுத்தால் 14.5, கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் இந்த அணு எடைகள் அன்றைய பாடப்புத்தகத்திலேயே இருந்தன. விடைத்தாள் கையில் இருக்கும்போது கணக்குச் சரியாக வருவது அதிசயமல்ல. புத்தகத்தில் இல்லாத அணுக்கரு அவர்கள் கண்ணில் படவில்லை. ‘ஆக்கல்டம்’ என்று புதிதாக ஒரு தனிமத்தைப் பார்த்தார்கள், எடை 3. தனிம அட்டவணையில் இன்றுவரை அதற்கு வீடில்லை.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. அதே புத்தகத்தில் நியானுக்கு ‘மெட்டா நியான்’ என்று ஓர் அண்ணன் உண்டு, கொஞ்சம் கனம் கூடியவர். 1912, 1913 வாக்கில் கேம்பிரிட்ஜில் தாம்சனும் அவர் உதவியாளர் ஆஸ்டனும் நியானைச் சோதித்தபோது எடை 20இல் ஒரு கோடும் 22இல் இன்னொரு கோடும் விழுந்தன. அந்த 22க்கு ஆஸ்டன் சூட்டிய பெயர் மெட்டா நியான். எடுத்தது அடையாறு புத்தகத்திலிருந்து. ஞானக்கண்ணை நான் நம்பவில்லை. பெயர் போய்ச் சேர்ந்தது மட்டும் நிஜம். அதே 1913இல் சாடி, எடை மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு ‘ஐசோடோப்’ என்ற சொல்லைக் கொண்டுவர (சொல்லிக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர்), மெட்டா நியான் மறைந்துபோயிற்று.

கேள்வி: விஞ்ஞானியும் ஏமாறுகிறார், மந்திரவாதியும் ஏமாறுகிறார். அப்புறம் என்ன வித்தியாசம்? (மதுரை)

பதில்: பாத்திரம். நோபல் பரிசு வாங்கிய வில்லியம் ராம்சே, ரேடியத்திலிருந்து வரும் வாயு செம்பை லித்தியமாக மாற்றுகிறது என்று 1907இல் அறிவித்தார். மேரி கியூரியும் எல்லன் கிளெடிட்ஷும் மறு வருடம் அதையே திருப்பிச் செய்தார்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு: கண்ணாடிக் குடுவைக்குப் பதில் பிளாட்டினம். லித்தியத்தைக் காணோம். அது கண்ணாடியிலிருந்து கசிந்து வந்தது. ஞானக்கண்ணுக்குப் பிளாட்டினப் பாத்திரம் கிடையாது, அதுதான் சங்கடம்.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஒரு சாமியார் வந்திருக்கிறார். பாதரசத்தைத் தங்கமாக்கும் வித்தை தெரியுமாம். ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: 1722இல் ஜெஃப்ராய் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் இந்த வித்தைகளைப் பட்டியல் போட்டு பாரிஸ் அகாடமியில் படித்தார். இரட்டை அடி வைத்த மூசை ஒன்று. தங்கப் பொடியை உள்ளே அடைத்து முனையை மூடிய பொள்ளல் குச்சி ஒன்று. கிளறக் கிளறத் தங்கம் இறங்கும். ஆகவே மூசை, கிளறுகிற குச்சி இரண்டும் எங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும் என்று சாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். பணத்தை அதற்கப்புறம் எடுக்கலாம். பாதரசப் புகை விஷம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.